கடை வாசலில் சாய்தளம் போட்டால் போதுமா?

"எங்க கடையில ராம்ப் போட்டாச்சு" என்று சொல்லும் கடைக்காரர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்லது செய்ய நினைத்துத்தான் சிமெண்டும் ஜல்லியும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த ராம்ப்பில் பல, ஸ்கூட்டரை முறுக்கி ஏற்றுவதற்கு மட்டும் உதவுகிற அளவுக்குச் செங்குத்தாக இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்.

இன்னொரு பக்கம், "நம்ம கடைக்கு அப்படி யாரும் வர்றதில்லையே" என்பார்கள். "அதெல்லாம் அரசு ஆபீசுக்குத்தான்" என்பார்கள். "பெரிய மால்காரங்க செய்வாங்க, நமக்கெதுக்கு" என்பதும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் எளிதாக வந்து போகும்படி கடையை அமைப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்த மூன்றில் ஒன்று வந்துவிடும். மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். சின்னதாக ஒரு மளிகைக் கடையோ மெடிக்கலோ டிபன் கடையோ நடத்துகிறவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தடை எங்கே இருக்கிறது?

ஒரே தெருவில் இரண்டு கடைகள். ஒன்று பழைய மளிகைக் கடை. முன்னால் மேசை, அதன் பின்னால் கடைக்காரர். நாம் சொல்லச் சொல்ல அவர் எடுத்துக் கட்டித் தருவார். இன்னொன்று சூப்பர் மார்க்கெட். நாமே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போய் எடுக்க வேண்டும்.

பார்வையற்ற ஒரு பெண் மளிகைக் கடைக்குப் போகிறார். "அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய்" என்கிறார். மற்ற எல்லாரும் வாங்குவது போலவே வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அங்கே அவருக்கும் அடுத்து நிற்பவருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதே பெண் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால் கை கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும். கடலைப்பருப்பு பாக்கெட்டும் பாசிப்பருப்பு பாக்கெட்டும் தடவிப் பார்த்தால் ஒன்றுதான். விலையும் காலாவதித் தேதியும் அச்சில் இருக்கின்றன.

இப்போது காது கேளாத ஒருவரை அனுப்பிப் பாருங்கள். நிலைமை தலைகீழ். சூப்பர் மார்க்கெட்டில் அவரே எடுக்கிறார், பில் போடும் திரையில் தொகை தெரிகிறது, கொடுத்துவிட்டு வருகிறார். மளிகைக் கடையிலோ நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டே "அது இல்ல, இது தரட்டுமா?" என்று கேட்கிறார். அவருக்கு உதடும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை.

இருவரின் உடம்பிலும் எதுவும் மாறவில்லை. மாறியது கடையின் ஏற்பாடு. ஒரு கடையில் இயலாமையாகத் தெரிந்தது பக்கத்துக் கடையில் இல்லாமலே போய்விட்டது. ஆக, தடை என்பது ஒருவருடைய உடல்நிலையும் அந்த இடத்தின் ஏற்பாடும் மோதிக்கொள்ளும் புள்ளி. உடல்நிலையை மாற்றுவது கடைக்காரரின் வேலை அல்ல. ஏற்பாடு அவர் கையில் இருக்கிறது.

இப்படிப் பார்க்கும் முறைக்கு 'சமூக மாதிரி' என்று பெயர். 1970களில் பிரிட்டனின் மாற்றுத்திறனாளி இயக்கத்தினர் முன்வைத்தது. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலும் இந்தப் பார்வைதான் இருக்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்று உறுதி செய்தது.

அடுத்த சொல் அணுகல்தன்மை. ஒருவர் தான் வந்த வேலையை மற்றவர்களைப் போலவே, பாதுகாப்பாக, முடிந்தவரை தானாக, மரியாதை குறையாமல் முடித்துக்கொண்டு போகும்படி ஓர் இடமும் அதன் சேவையும் அமைந்திருப்பதுதான் அணுகல்தன்மை. 'மரியாதை குறையாமல்' என்பதை நான் வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து சக்கர நாற்காலியோடு ஒருவரைத் தூக்கிக் கடைக்குள் வைத்தால் அவர் உள்ளே வந்துவிடுவார்தான். தெருவே நின்று பார்க்கும். பிடி நழுவினால் அடிபடுவதும் அவர்தான். அதை அணுகல்தன்மை என்று சொல்ல முடியாது.

சுருக்கமாக: தடையை ஆளிடம் தேடக்கூடாது, இடத்திலும் நடைமுறையிலும் தேட வேண்டும். ஒருவருக்குத் தடையாக இருப்பது இன்னொருவருக்கு வசதியாகவும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு வேலையைச் செய்து 'முடிந்தது' என்று சொல்ல முடியாது.

ஒரு வால்வு மூடியிருந்தால் போதும்

மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. குழாய் எல்லாம் புதுசு. நடுவில் ஒரே ஒரு வால்வு மட்டும் மூடிக் கிடக்கிறது. சமையலறையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வராது. 'தொண்ணூறு சதவீதம் வழி திறந்திருக்கிறதே' என்று சொல்லி என்ன பயன்?

கடைக்குப் போவதும் அப்படித்தான். வீட்டிலிருந்து கிளம்புவது முதல் வேலை முடிந்து வீடு திரும்புவது வரை ஒரே தொடர். இதை அணுகல் தொடர் என்று வைத்துக்கொள்வோம்.

தொடர் தொடங்குவது கடை வாசலில் இல்லை. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில் தொடங்குகிறது. படி ஏற முடியாத ஒருவர் "எதுக்கும் போய்ப் பார்ப்போம்" என்று கிளம்ப மாட்டார். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு வீணாகிவிடும். கூகுள் மேப்பில் கடையைத் தேடுவார், வாசல் படம் இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லாவிட்டால் போன் செய்வார். காது கேளாதவர் போன் செய்ய முடியாது, வாட்ஸ்அப் எண் இருந்தால்தான் கேட்க முடியும். வாசலில் எத்தனை படி, பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று இரண்டு வரியும் ஒரு படமும் போட்டு வைப்பதற்குச் செலவே கிடையாது. சக்கர நாற்காலி நுழையும் வாசல் இருக்கிறதா என்று குறிப்பிடும் வசதி கூகுளின் வணிகப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் வந்து சேர்வது. சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது பெரிய மாற்றம். அதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பினர் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட போராட்டம் இருக்கிறது. ஆனால் மற்ற ஊர்களில் பெரும்பாலோர் வருவது பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான். அது சாதாரண பைக்கைவிட அகலம். இறங்கி ஊன்றுகோலை ஊன்ற ஒரு பக்கம் இடமும் வேண்டும். வாசலுக்கு அருகே அந்த அகலத்துக்கு ஓர் இடத்தைப் பெயிண்ட் அடித்து ஒதுக்கி, வேறு யாரும் வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது கடைக்காரரால் முடிந்த காரியம்.

பிறகு நுழைவது, உள்ளே நகர்வது, வேண்டியதைக் கேட்பது, விலையைத் தெரிந்துகொள்வது, பணம் கொடுப்பது, தேவைப்பட்டால் கழிப்பறை, கடைசியில் வெளியே வருவது. இதில் எந்த ஒன்று அடைபட்டாலும் மற்றதற்குச் செலவழித்த காசு வீண். சாய்தளம் என்பது இந்தத் தொடரில் ஒரு கண்ணி. முக்கியமான கண்ணி என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூன்று படி எங்கிருந்து வந்தது?

நம் ஊர்க் கடைத்தெருவில் படி இல்லாத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் காரணம் கடைக்காரரின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மழைத்தண்ணீர்தான் முதல் காரணம். சாலையைப் புதிதாகப் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் சாலை உயரும், கடை பள்ளத்தில் விழும். ஒரு மழையில் சரக்கு நனைந்தவர், அடுத்து கட்டும்போது தளத்தைச் சாலையைவிட ஒன்றரை அடி தூக்கித்தான் கட்டுவார். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனால் ஏற்கெனவே உயர்ந்த படிகள் உயர்ந்தபடியேதான் நிற்கின்றன. இரண்டாவது காரணம் வடிகால். கடைக்கும் சாலைக்கும் நடுவே அது ஓடுகிறது. மேலே கல் பலகை போட்டு, அதற்கு மேலேதான் படி.

ஒரு படி சுமார் 15 செ.மீ. உயரம். மூன்று படி என்றால் 45 செ.மீ. இதைச் சாய்தளமாக மாற்றும்போது சாய்வு எவ்வளவு இருக்கலாம்? இந்தியாவின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சொல்வது 1:12. அதாவது ஒரு அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்.

ஏன் பன்னிரண்டு? சக்கர நாற்காலியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:12 சாய்வில் அந்த எடையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏழரை கிலோ அளவு, அவரைப் பின்னால் இழுக்கும். கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுகிறவருக்கு அது கஷ்டம்தான், ஆனால் முடியும். 1:4 சாய்வு என்றால் இழுப்பு 22 கிலோ அளவுக்குப் போகிறது. நம் கடைவாசல்களில் சகஜமாகப் பார்க்கும் 1:3 சாய்வில் 28 கிலோ. அதோடு, இவ்வளவு செங்குத்தில் எடை பின்சக்கரத்துக்குப் பின்னால் சாய்ந்து, நாற்காலி மல்லாக்க விழும் அபாயமும் வந்துவிடுகிறது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற மனைவிக்கோ மகனுக்கோ அந்த 28 கிலோவைப் பிடித்து நிறுத்தத் தெம்பு இருக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவது இன்னும் மோசம்.

சரி, கணக்குப் போடுவோம். 45 செ.மீ. உயரத்துக்கு 1:12 என்றால் 5.4 மீட்டர், கிட்டத்தட்ட பதினெட்டு அடி. பத்தடி முகப்புள்ள கடையில் இதை நேராக ரோட்டுக்கு நீட்ட முடியாது. நீட்டினாலும் அது ஆக்கிரமிப்பு. வடிகால் தூர்வார வரும்போது மாநகராட்சி இடித்துவிட்டுப் போகும், அது அவர்கள் தவறும் அல்ல. இந்த இடத்தில்தான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். வழிகள் இருக்கின்றன.

நேராகப் போகாத சாய்தளத்தைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம். நாலைந்து கடை வரிசையாக உள்ள கட்டிடமாக இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஓரத்தில் ஒரே சாய்தளமும், கடைகளின் முன்னால் சம தளமான ஒரு தாழ்வாரமும் போதும். செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், இதற்குக் கட்டிட உரிமையாளர் ஒத்துழைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து நம் கடைத்தெருக்களுக்கு மிகவும் பொருந்துவதும், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான். ஒரே ஒரு படிதான் இருக்கிறது என்றால் பிரச்சினை ரொம்பச் சின்னது. 15 செ.மீ.க்கு ஆறு அடி நீளம் போதும். அலுமினியத்தில் மடக்கி வைக்கும் சாய்பலகை வாங்கிக் கடைக்குள் வைத்துக்கொள்ளலாம். வாசலில் உட்கார்ந்த நிலையில் கை எட்டும் உயரத்தில் ஓர் அழைப்புமணி. மணி அடித்தால் ஆள் பலகையோடு வர வேண்டும். கடையில் இருக்கிற எல்லாருக்கும் அதைப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள் சில. சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு விரல் உயரம் விளிம்பு நின்றால்கூட நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அங்கே மாட்டிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். மேலே, கதவுக்கு முன்னால் ஒன்றரை மீட்டராவது சமதளம் வேண்டும். சாய்வில் நின்றுகொண்டு கதவைத் திறக்கப் போனால் நாற்காலி பின்னால் உருளும். அகலம் நாலடி. சக்கரம் வழுவாதபடி ஓரத்தில் சின்ன வரம்பு. இரண்டு பக்கமும் கைப்பிடி. பளபளப்பான கிரானைட் வேண்டாம், மழை நேரத்தில் ஊன்றுகோல் வழுக்கிவிடும். சொரசொரப்பான சிமெண்டே மேல்.

படியை எடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை. காலிப்பர் (பலவீனமான காலைத் தாங்கும் உலோகச் சட்டம்) அணிந்து நடக்கும் சிலருக்குச் சாய்தளத்தைவிட, கைப்பிடி உள்ள படியே எளிது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லது.

இதுவரை பார்த்ததன் சாரம்: சாய்தளம் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்தக்கூடாது. சாய்வு எவ்வளவு, மேலும் கீழும் எப்படி முடிகிறது, அதன் மேல் பைக் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உள்ளே வந்த பிறகு

கதவின் திறந்த அகலம் 90 செ.மீ. இருந்தால் சக்கர நாற்காலி நுழையும். ஷட்டர் கடைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடைகளில், தானாக மூடும் கதவின் இறுக்கம்தான் தொல்லை. அதைத் தளர்த்த ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கண்ணாடி இருப்பது தெரியும்படி கண் மட்டத்தில் பளிச்சென்ற பட்டை ஒட்டினால் பார்வை குறைந்தவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருப்பார்கள்.

அலமாரிகளுக்கு இடையிலும் அதே 90 செ.மீ. வழி வேண்டும். தீபாவளி சமயத்தில் அந்த வழியில் எண்ணெய் டின்களை அடுக்குவதும், துணிக்கடையில் பொம்மையை நடுவழியில் நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டது. கட்டும்போது அகலமாக இருந்த வழி, சரக்கு வந்த அன்று மூடிவிடும். அணுகல்தன்மை என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை, தினமும் காலையில் கடை திறக்கும்போது பார்க்க வேண்டிய விஷயம். மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிகள் கடல் அருகே போக 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, பின்னர் சரிசெய்தார்கள். புயல் வேண்டாம், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலே கடைக்குள் வழி அடைபட்டுவிடும்.

பில் போடும் மேசையில் ஒரு பகுதியாவது 75 முதல் 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். மெடிக்கல் கடைகளில் கண்ணாடி அலமாரி மார்பளவு நிற்கும். அங்கே பலகை அடித்துத் தாழ்வான ஒரு நீட்டல் வைக்கலாம். ஹோட்டல்களில் மேசையோடு பெஞ்சையும் சேர்த்துத் தரையில் பதித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு மேசைக்காவது நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டால் சக்கர நாற்காலிக்கு இடம் கிடைக்கும். அந்த மேசை, ஏசி ஹால் என்று மாடியில் இல்லாமல் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும்.

'செருப்பை வெளியே விடவும்' என்ற பலகை பற்றியும் சொல்ல வேண்டும். கிளினிக், நகைக்கடை, சில பேன்சி ஸ்டோர் என்று பல இடங்களில் அது தொங்குகிறது. காலிப்பரோடு சேர்ந்த ஷூவை வாசலில் கழற்ற முடியாது, அதைக் கழற்றினால் நடக்கவே முடியாது. ஊழியர் ஒருவர் வாசலில் தடுத்து நிறுத்த, எல்லார் முன்னாலும் காரணம் விளக்கி நிற்பதை எத்தனையோ பேர் அனுபவித்திருக்கிறார்கள். ஊழியர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், உதவிக்கு யாரும் நுழைய முடியாது. மேற்கத்திய கோப்பை, பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, நாற்காலி திரும்ப இடம். இவையெல்லாம் ஒழுங்காகக் கட்டிவிட்டு அந்தக் கழிப்பறையில் துடைப்பம், வாளி, பழைய விளம்பரத் தட்டி போட்டுப் பூட்டி வைத்திருக்கும் ஹோட்டல்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

படியே இல்லாத தடைகள்

மாற்றுத்திறனாளி என்றதும் சக்கர நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது, சின்னமும் அதுதான். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பலவற்றை வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பார்வையற்றவர் கடைக்கு வந்தால் முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். "இங்க வாங்க, அங்க இருக்கு" என்பது பயன்படாது. "உங்க வலது பக்கம் ரெண்டு அடியில மேசை இருக்கு" என்பது பயன்படும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கேட்டுவிட்டு, உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். மீதிச் சில்லறையைத் தரும்போது ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2020இல் நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும் 'மணி' என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது, ஆனால் வரிசையில் நின்றுகொண்டு ஒவ்வொரு நோட்டையும் படம் பிடிப்பது எளிதல்ல. யுபிஐ பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி வாங்குபவர், விற்பவர் இருவருக்குமே உதவும். பொத்தான் இல்லாத தொடுதிரை கார்டு மெஷின் நேர் எதிர். எண்ணைத் தடவி அறிய வழியில்லாததால் ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

பார்வையற்றவர்கள் போனில் பயன்படுத்துவது திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள். இன்றைய மெனுவையோ விலைப்பட்டியலையோ படமாக வாட்ஸ்அப்பில் போட்டால் அது பெரும்பாலும் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தட்டச்சு செய்து போட்டால் முழுவதையும் வாசிக்கும். மெடிக்கலில் காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவு அட்டைக்கு இரண்டு போட்டுக் கொடுத்தால் அவர் வீட்டில் யாரையும் கேட்காமல் சாப்பிடுவார்.

காது கேளாதவரிடம் முகத்தைப் பார்த்து, சாதாரண வேகத்தில் பேசுங்கள், கத்த வேண்டாம். மேசையில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருங்கள். விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுங்கள். சைகை மொழியில் வணக்கம், எவ்வளவு, நன்றி என்று நாலைந்து சொற்கள் தெரிந்தால் இன்னும் நல்லது. சைகை மொழி தெரிந்த ஒருவர் கூட வந்தாலும், பேச்சை அவரிடம் இல்லாமல் வாங்க வந்தவரிடம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வரும் பெற்றோர், வாசலில் அலறும் ஸ்பீக்கரைப் பார்த்து ஒதுங்கிப்போவார்கள். வாரத்தில் கூட்டம் குறைந்த ஒரு வேளையில் பாட்டை நிறுத்தி வைத்து, அந்த நேரத்தை வாசலில் எழுதிப் போடலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர் பணத்தை எண்ண நேரம் எடுத்தால் அவசரப்படுத்தாமல் இருப்பதே பாதி உதவி.

சட்டம் யாருக்கு?

தனியார் கடைக்கும்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 'பொதுக் கட்டிடம்' என்று சொல்லும்போது, பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டிடங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வணிக இடங்கள் அதில் அடக்கம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே உள்ள கட்டிடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்றது சட்டம், அந்தக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. புதிய கட்டிடமாக இருந்தால், அணுகல்தன்மை விதிக்குப் பொருந்தாத வரைபடத்துக்கு அனுமதியும் நிறைவுச் சான்றும் தரக்கூடாது. மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை.

நடைமுறையில் இது ஏன் அசையவில்லை? விதிகளின் வாசகத்திலேயே சிக்கல் இருந்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி 15(1) வெறும் வழிகாட்டுதல்களாகக் கரைத்துவிட்டது. ராஜீவ் ரதுரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ரதுரி பார்வையற்றவர். வழக்கைத் தொடுத்தது 2005இல்.

சட்டத்தில் இரண்டு கடமைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம். அணுகல்தன்மை என்பது யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, எல்லாருக்கும் பொதுவாகச் செய்து வைப்பது. சாய்தளம், கதவு அகலம் எல்லாம் அதில் வரும். நியாயமான ஏற்பாடு என்பது இன்ன ஒருவர் வந்து கேட்கும்போது, கடைக்கு மீறிய சுமை இல்லாதவரை, அவருக்கென்று செய்து தருவது. தையல் கடைக்காரர் கீழே இறங்கி வந்து வாசலிலேயே அளவெடுப்பது அப்படிப்பட்டது. இரண்டும் வேண்டும். "நாங்கதான் வெளியே வந்து குடுத்துடறோமே" என்பது சாய்தளம் வரும்வரை தற்காலிகமாகச் சரி. வெளியிலேயே நிறுத்தி வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த வாடிக்கையாளர் கடைக்குள் என்ன இருக்கிறது என்றே பார்க்க மாட்டார்.

"யாரும் வர்றதில்லையே"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். உலக மக்களில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க இயலாமை உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியக் கணக்கு ஏன் குறைவு என்றால், எப்படிக் கேட்கிறோம், எதையெல்லாம் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். 2011 கணக்கெடுப்பில் எட்டு வகைதான் இருந்தன. அதோடு மூட்டுவலியுள்ள பாட்டி, காலில் கட்டுப் போட்டவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை வண்டி, அரிசி மூட்டை இறக்குகிற தள்ளுவண்டி என்று எல்லாரும் அந்தச் சாய்தளத்தில்தான் வருவார்கள்.

கடைக்கு ஏன் வருவதில்லை? மூன்று படி இருப்பதால் வருவதில்லை. வராததால் படியை மாற்றத் தேவை தெரியவில்லை. இந்தச் சுழலை வாடிக்கையாளரால் உடைக்க முடியாது. கடைக்காரர்தான் முதலில் ஓர் அடி வைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது?

காசே செலவழிக்காமல் இன்றே முடிகிறவை இருக்கின்றன. சாய்தளத்தில் நிற்கும் வண்டியை எடுப்பது, வழியில் இருக்கும் பெட்டிகளை நகர்த்துவது, ஓரம் மடங்கிய கால்மிதியைத் தூக்கிப் போடுவது, ஊழியர்களோடு பத்து நிமிடம் பேசுவது. சில நூறு ரூபாயில் முடிகிறவை: படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை, அழைப்புமணி, பெரிய எழுத்தில் விலைப்பட்டியல். கைப்பிடி, சாய்பலகை, தாழ்வான மேசை அடுத்த கட்டம். கடையைப் புதுப்பிக்கும்போது மட்டும் செய்ய முடிகிறவற்றை ஒரு தாளில் எழுதி, கொத்தனாரிடம் பேசும் நாளன்று எடுத்துக் காட்டுங்கள். கட்டும்போதே சேர்த்தால் ஆகும் செலவு, பிறகு இடித்துக் கட்டும் செலவில் சிறு பங்குதான்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. நீங்களே ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி உட்கார்ந்து பார்க்காதீர்கள். பழக்கமில்லாதவருக்குத் தெரிகிற சிரமம் வேறு, தினமும் அதில் வாழ்கிறவருக்குத் தெரிகிற சிரமம் வேறு. உங்கள் ஊரில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் இருக்கும், இல்லாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என்று அழைத்து, வழக்கம்போலப் பொருள் வாங்கிப் பணம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கே நின்றார்கள், எங்கே யாரைக் கேட்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டிட வடிவமைப்பாளருக்கு ஆலோசனைக்குப் பணம் கொடுப்பது போல, அவர்கள் செலவழித்த நேரத்துக்கும் வந்துபோன ஆட்டோவுக்கும் பணம் கொடுங்கள்.